ஊசி போட்டாச்சு என்று இருந்துவிட்டேன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினத்தை ஒட்டி ஊர் ஊராக நாய்களுக்கு இலவசத் தடுப்பூசி போடுவதை உங்கள் நாளிதழில் வருடா வருடம் படமும் செய்தியுமாகப் பார்க்கிறேன். பிள்ளைகள் கயிற்றிலும் சேலைக் கிழிசலிலும் குட்டிகளைக் கட்டிக் கூட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். நல்ல காரியம். ஆனால் அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பிள்ளைகளிடம் ஓடிப்போய் ஒன்றைச் சொல்லவேண்டும் போல எனக்கு இருக்கும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 31 வருடம் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். சங்கரன்கோவில் வட்டத்தில் ஒரு சிற்றூர். வீட்டுக்காரர் காலமாகிவிட்டார். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். என் வீடு ஊர்க்கடைசியில், பின்னால் மக்காச்சோளக் காடு. ராத்திரி பூச்சி பொட்டு வரும். நாய் இல்லாத வீட்டில் நான் இருந்ததே கிடையாது. இருந்த நாய் வயசாகிப் போன பிறகு, 2024-ல் ரேஷன் கடைத் திண்ணைக்கு அடியில் ஈன்றிருந்த குட்டிகளில் ஒரு செவலைக் குட்டியைத் தூக்கி வந்தேன். சிட்டு என்று பேர் வைத்தேன். நான் எந்த வாளியைத் தூக்கினாலும் பின்னாலேயே வரும். பூனை மாதிரி சத்தமில்லாமல் வரும், திரும்பிப் பார்த்தால் காலடியில் நிற்கும்.

ஆனி மாதம் எங்கள் ஊரில் கால்நடை முகாம் போட்டார்கள். மாட்டுக்காரர்களோடு நானும் சிட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். மூன்று மாதக் குட்டி, ஊசி போடலாம் என்றார்கள். போட்டார்கள். தேதி எழுதி ஒரு அட்டையும் கொடுத்தார்கள். அந்த அட்டையைக் குடும்ப அட்டையோடு சேர்த்து பிளாஸ்டிக் உறையில் வைத்தேன். ஊசி போட்டாச்சு, இனி நோய்நொடி அண்டாது என்று நிம்மதியாக இருந்தேன்.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை, ஆடித்தபசு வந்தது. சங்கரன்கோவில் பக்கம் ஆடித்தபசு என்றால் எப்படியென்று உங்கள் வாசகர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். ஊரே கோவிலில் இருக்கும். அன்று காலையில் சிட்டு சோற்றைத் தொடவில்லை. வெள்ளை நுரையாக வாந்தி எடுத்தது. மதியம் அது மஞ்சளாக வந்தது. சாயங்காலம் கழிய ஆரம்பித்தது. ரத்தம் கழுவின தண்ணீர் போல இருந்தது. அந்த நாற்றம் இருக்கிறதே, அதை ஒருமுறை மோந்தவர்கள் மறக்கமாட்டார்கள். நான் மோர் கொடுத்தேன். கொடுத்த மோர் அப்படியே திரும்பி வந்தது. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கொடுத்தேன். அதுவும் வந்துவிட்டது. வாந்தி எடுக்கிற வயிற்றுக்குள் எதையும் திணிக்கக்கூடாது என்று எனக்கு அப்போது தெரியாது.

விடிந்ததும் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். டாக்டர் முதலில் குட்டியின் பிடரித் தோலை இரண்டு விரலால் தூக்கிவிட்டார். நல்ல குட்டியாக இருந்தால் தோல் உடனே படிந்துவிடும். சிட்டுக்குத் தூக்கின தோல் கூடாரம் போல அப்படியே நின்றது. ஈறைப் பார்த்தார், வெளுத்துப்போய் இருந்தது. "பார்வோ மாதிரி இருக்கும்மா, தண்ணிச்சத்து எல்லாம் போயிருச்சு" என்றார். பார்வோ என்பது குட்டிகளுக்கு வருகிற வாந்தி, ரத்தக் கழிச்சல் நோய்.

நான் பிளாஸ்டிக் உறையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினேன். "ஊசி போட்டிருக்கே சார், ரெண்டு வாரம்தான ஆகுது" என்றேன்.

அவர் அட்டையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "அது வெறிநோய்க்குப் போட்டதும்மா. இதுக்கு வேற ஊசி."

எனக்கு அந்த இடத்திலேயே கை கால் ஓடவில்லை. ஆசிரியர் அவர்களே, 31 வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்தவள் நான். போலியோ சொட்டு போட்டாச்சு, அதனால் அம்மை ஊசி வேண்டாம் என்று எந்தத் தாயாவது சொன்னால் உட்காரவைத்து விளக்கிச் சொல்லியிருப்பேன். பிள்ளையின் தடுப்பூசி அட்டையில் எத்தனை கட்டம் இருக்கிறது, எந்த மாதம் எது என்று எங்கள் ஊர்த் தாய்மார் எல்லோருக்கும் தெரியும். நாய்க்கும் அப்படித்தான், ஒரு ஊசி ஒரு நோய்க்கு என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை.

பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். வெறிநோய் ஊசி நாய்க்கு மூன்று மாதத்தில் போடுவது. அது இல்லாமல் கூட்டுத் தடுப்பூசி என்று ஒன்று இருக்கிறது. பார்வோ, டிஸ்டெம்பர், ஈரலைத் தாக்குகிற ஒரு நோய், எலிக்காய்ச்சல் இவற்றுக்கெல்லாம் சேர்த்து ஒரே ஊசி. குட்டிக்கு ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறையாக நான்கு மாதம் ஆகும் வரை திரும்பத் திரும்பப் போடவேண்டும். அதற்குக் காரணமும் சொன்னார்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டி உடம்பில் இருக்கும்வரை அது ஊசியை வேலை செய்யவிடாது. அது எப்போது குறையும் என்று குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஒன்றோடு நிறுத்தக்கூடாது. சிட்டு என் வீட்டுக்கு வந்தது ஒன்றரை மாதத்தில். அந்த ஊசியைத் தொடங்கவேண்டிய சரியான நேரம் அதுதான்.

மருந்தகத்து டாக்டர் அன்று அவரால் முடிந்ததைச் செய்தார். குளுக்கோஸ் ஏற்றினார், வாந்தி நிற்க ஊசி போட்டார். ஆனால் பார்வோ வந்த குட்டிக்குக் காலையும் மாலையும் நாலைந்து நாள் ஏற்றவேண்டும். அவருக்கோ அன்று வேறு ஊரில் முகாம் இருந்தது. அவர் ஒருவர்தான் டாக்டர். சினை ஊசி, கோமாரி ஊசி, செத்த மாட்டுக்குக் காப்பீட்டுக்காக அறுத்துப் பார்ப்பது எல்லாம் அவர் தலையில்தான். "உடனே தனியார்கிட்டயாவது போங்க, இல்லேன்னா ராமையன்பட்டி காலேஜுக்குக் கொண்டுபோங்க" என்றார். அவர் சொன்னது திருநெல்வேலி பக்கத்து ராமையன்பட்டியில் இருக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரியை, ஐம்பது கிலோமீட்டர் பக்கம். கையில் பணமும் இல்லை, துணையும் இல்லை. டவுனில் இருந்த தனியார் டாக்டரிடம் போனேன்.

செலவை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தை யாரும் வெளியே சொல்வதில்லை. பார்க்கிற பீஸ் 300. பார்வோதானா என்று உறுதி செய்ய ஆசனவாயில் பஞ்சு விட்டு எடுத்து ஒரு சிறு பட்டையில் சொட்டுவிட்டுப் பார்த்தார்கள், இரண்டு கோடு விழுந்தது, அதற்கு 900. குளுக்கோஸும் ஊசிகளும் 1,400. மறுநாளும் 1,400. ஆட்டோவுக்கு நாளுக்கு 300. ஆக இரண்டு நாளில் 4,600 ரூபாய். எனக்கு அப்போது மாதம் 2,000 ரூபாய் சிறப்பு ஓய்வூதியம்.

அந்த டாக்டரை நான் குற்றம் சொல்லமாட்டேன். மருந்துப் பெட்டியைக் காட்டி விலையைக் காட்டித்தான் வாங்கினார். அவருக்கும் வாடகை, கரண்டு, மருந்து வைக்கிற பிரிட்ஜ், கூட ஆள் எல்லாம் இருக்கிறது. மூன்றாம் நாளுக்குப் பணம் இல்லை என்றதும் பீஸ் வேண்டாம், மருந்துக்கு மட்டும் கொடுங்கள் என்றும் சொன்னார். மருந்துக்கே என்னிடம் இல்லை. காதில் கிடந்த கம்மலை அடகு வைக்கலாமா என்று அன்று ராத்திரி முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். மகனுக்குப் போன் பண்ணினால் நாய்க்கு இவ்வளவா என்று கேட்பானோ என்று ஒரு தயக்கம். விடியக் கருக்கலில் பார்த்தபோது சிட்டு திண்ணைச் சாக்கில் குளிர்ந்து கிடந்தது. யோசித்த அந்த ஒரு ராத்திரிதான். காலையில் மகனிடம் சொன்னபோது, "ஏம்மா எனக்கு முதல்லயே சொல்லல" என்று அழுதான்.

கொல்லையில் முருங்கை மரத்தடியில் புதைத்தேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்தது 2025 பங்குனி. பக்கத்து வீட்டில் ஏழாவது படிக்கிற பையன் இருக்கிறான், என்னை ஆச்சி என்று கூப்பிடுவான். அவன் டைகர் என்று ஒரு கருப்புக் குட்டியை வளர்க்க ஆரம்பித்திருந்தான். இந்தத் தடவை விடக்கூடாது என்று அந்தக் கூட்டுத் தடுப்பூசியைத் தேடி அலைந்தேன். மருந்தகத்தில் கேட்டேன். வெறிநோய் ஊசி இருக்கிறது, இது இல்லை, வெளியே வாங்கி வந்தால் போட்டுவிடுகிறேன் என்றார் டாக்டர். மூன்று மெடிக்கல் ஸ்டோர்களில் கேட்டேன். ஒருவர் என்ன ஊசி என்று திரும்பக் கேட்டார். ஒருவர் ஆர்டர் போட்டால் வரும், ஆனால் பத்துப் பேராவது வேண்டும் என்றார். இப்படியே பத்து நாள் போனது. அதற்குள் ஒரு நாள் அதிகாலையில் பையன் வந்து கதவைத் தட்டினான். "ஆச்சி, டைகர் எந்திரிக்கவே மாட்டுக்கு. வாயில நுரை நுரையா வருது."

அவன் வீட்டுத் திண்ணையில் போய்க் குனிந்ததும் அந்த நாற்றம். எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. அப்போதுதான் இன்னொன்றும் ஞாபகம் வந்தது. சிட்டைப் பார்த்த தனியார் டாக்டர் கடைசியாகச் சொன்னது அது. இந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில், சில இடத்தில் ஒரு வருடம் வரைகூட சாகாமல் கிடக்கும், அதனால் அந்த இடத்துக்குச் சீக்கிரம் வேறு குட்டி கொண்டுவராதீர்கள் என்றார். நான் கொண்டுவரவில்லை. ஆனால் பையன் டைகரைத் தூக்கிக்கொண்டு தினமும் என் கொல்லைக்குத்தான் விளையாட வந்தான். முருங்கை மரத்தடியில்தான் அது மண்ணைத் தோண்டும். அங்கிருந்துதான் ஒட்டியதா, வேறு எங்கேனும் ஒட்டியதா, யாரால் சொல்லமுடியும். எனக்கு மட்டும் அன்றிலிருந்து அந்த மரத்தைப் பார்த்தால் மனசு கனக்கிறது. பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பிளீச்சிங் பவுடர் அளந்து போட்டவள் நான். அதே பவுடரைத் தரையிலும் திண்ணையிலும் கரைத்து ஊற்றியிருந்தால் போதும். இந்தக் கிருமிக்கு டெட்டால் போதாது, பிளீச்சிங்தான் கேட்கும் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அன்று யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் தெருவில் ஒரு தம்பி லோடு ஆட்டோ வைத்திருக்கிறார், கத்திரிக்காய், மிளகாய் மூட்டை ஏற்றிக்கொண்டு திருநெல்வேலி நயினார்குளம் சந்தைக்குப் போவார். அவர் போகிற சங்கரன்கோவில் ரோட்டில்தான் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி. கையைப் பிடித்துக் கேட்டேன். "ஏறுங்க சித்தி" என்றார். கத்திரிக்காய்ச் சாக்குகளுக்கு நடுவே பையனும் நானும், மடியில் துண்டில் சுற்றின டைகரும். பனவடலிசத்திரம், தேவர்குளம், மானூர் என்று ஒவ்வொரு ஊர் தாண்டும்போதும் பையன் குட்டியின் மூக்குக்கு முன்னால் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தான். முன்பு ஒருமுறை பஸ்ஸில் நாய்க்குட்டியோடு ஏறப்போய் இறக்கிவிடப்பட்டிருக்கிறேன். அதே பஸ்ஸில் சேவலைப் பையில் போட்டுக்கொண்டு ஆள் உட்கார்ந்திருந்தார். லோடு ஆட்டோ மட்டும் இல்லையென்றால் அன்று என்ன செய்திருப்பேனோ.

ராமையன்பட்டிக் கல்லூரி 2012-ல் தொடங்கியது. அதற்கு முன்னால் தென்மாவட்டத்துக்காரர்கள் இப்படி ஒரு இடத்துக்குப் போகவேண்டுமென்றால் 1985-ல் தொடங்கிய நாமக்கல் கல்லூரிக்கோ, 1903-லிருந்து இருக்கிற சென்னை வேப்பேரிக்கோதான் போகவேண்டும். அங்கே போய்ச் சீட்டுப் போட்டோம், அதற்கு மிகச் சிறிய தொகைதான். பயிற்சி மருத்துவர் ஒரு பெண், என் பேத்தி வயசுதான் இருக்கும். டைகரின் முன்னங்காலில் மயிரைச் சிரைத்து, ஸ்பிரிட் வைத்துத் துடைத்து, நரம்பைத் தேடி ஊசியை ஏற்றினாள். நரம்பு சுருங்கிப்போய் மூன்று தடவை தவறியது. நாலாம் தடவை ரத்தம் துளி எட்டிப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். பேராசிரியர் ஒருவர் வந்து பார்த்து, மருந்து எழுதினார். சொட்டு ஏறி முடிய மதியம் ஆனது. பையன் எழுந்திருக்கவே இல்லை, பாட்டிலைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

தினமும் ஐம்பது கிலோமீட்டர் வரமுடியாது என்று நான் சொன்னபோது அவர்கள் செய்த காரியத்தைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ளவேண்டும். காலில் ஏற்றின குழாயை எடுக்காமல் பிளாஸ்டர் போட்டுக் கட்டி, நாலு நாளைக்கு என்ன மருந்து, எவ்வளவு என்று எங்கள் ஊர் மருந்தக டாக்டருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். அவரும் காலையில் முகாமுக்குக் கிளம்பும் முன்னாலும் சாயங்காலம் திரும்பி வந்த பிறகும் டைகருக்கு ஏற்றினார். ஒரு நாள் பொழுது சாய்ந்து வந்தபோது கரண்டு இல்லை, பையன் செல்போன் விளக்கைப் பிடித்தான். ஐந்தாம் நாள் காலையில் டைகர் கஞ்சித் தண்ணீரை நக்கியது. கொஞ்சம் கொஞ்சமாகத் தயிர்ச்சோறு தின்றது. வெளியே வாங்கின மருந்துக்கும் போக்குவரத்துக்கும் சேர்த்து மொத்தம் 1,150 ரூபாய் செலவு. லோடு ஆட்டோத் தம்பி டீசலுக்குக்கூடக் காசு வாங்கவில்லை. டைகர் பிழைத்ததற்கு மருந்தும் காரணம், ஒரு நாள் முந்திப் போனதும் காரணம். சிட்டுக்கு அந்த ஒரு நாள் மோரிலும் மஞ்சளிலும் போனது.

எல்லோருக்கும் இப்படி வாய்க்காது. ரேஷன் கடைத் தெருவில் ஒரு வீட்டில் அதே பங்குனியில் ஒரு குட்டி கழிந்து கழிந்து செத்தது. அவர்கள் மெடிக்கலில் சொல்லி மனிதர் சாப்பிடுகிற மாத்திரையைத்தான் வாங்கிக் கொடுத்தார்கள். அவர்களை ஏசமுடியுமா? டாக்டர் எங்கே இருக்கிறார், எப்போது இருக்கிறார், எவ்வளவு ஆகும் என்று எதுவும் தெரியாதவர்கள் கிட்டத்தில் இருக்கிற கதவைத்தான் தட்டுவார்கள். எங்கள் தெருவிலேயே ஒரு பூனைக்குக் காய்ச்சல் என்று பாராசிட்டமால் அரை மாத்திரை கொடுத்துவிட்டார்கள். மறுநாள் அதன் ஈறு பழுப்பு நிறமாகி, மூச்சுத் திணறி, முகம் வீங்கிச் செத்தது. பூனைக்குப் பாராசிட்டமால் விஷம். கொஞ்சம் கொடுத்தாலும் விஷம். பூனை வளர்க்கிற வாசகர்கள் தயவுசெய்து இதை வீட்டில் சொல்லிவையுங்கள்.

இனி நான் கேட்கவந்ததைக் கேட்கிறேன். எங்கள் ஊரில் மாட்டுக்குக் கோமாரி ஊசி வாசல் தேடி வருகிறது. வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் ஆட்டுக்கொல்லி நோய் ஊசி வருகிறது. மாசி பிறக்கிற சமயத்தில் கோழிக்குக் கழிச்சல் நோய் ஊசி போட வருகிறார்கள். 1962 என்ற எண்ணுக்குப் போன் போட்டால் மாட்டுக்கு வண்டியே வருகிறது. பக்கத்து வீட்டுப் பசு கன்று ஈனமுடியாமல் கிடந்தபோது வந்து இரண்டு உயிரையும் காப்பாற்றினார்கள், நான் கண்ணால் பார்த்தேன். இதெல்லாம் ஏழைக் குடும்பத்தின் சோறு. இருக்கவேண்டியதுதான். நாய்க்கு இலவசமாகப் போடுகிற வெறிநோய் ஊசியும் மனிதரைக் காப்பதற்காகப் போடுவது. அதுவும் வேண்டும். நாய் கடித்துச் சாகிற சாவு யாருக்கும் வரக்கூடாது. கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடவேண்டும் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

ஆனால் நாயைக் காப்பதற்கென்று இருக்கிற ஊசி எங்கள் மருந்தகத்தில் இல்லை. இலவசமாகத் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. அரசு மொத்தமாக வாங்கினால் என்ன விலைக்கு வருமோ அந்த விலைக்கே தரட்டும். 200, 300 என்றாலும் எங்கள் ஊர்ச் சனம் கொடுக்கும், கூலி வேலைக்குப் போகிற வீட்டிலும் கொடுப்பார்கள். 4,600 கொடுக்கமுடியாதவர்கள் அவர்கள். 300 கொடுக்கமுடியாதவர்கள் அல்ல. இதில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. அந்தக் கூட்டுத் தடுப்பூசியில் எலிக்காய்ச்சலுக்கான மருந்தும் சேர்ந்திருக்கிறது. எலிக்காய்ச்சல் நாய்க்கு வந்தால் அதன் சிறுநீர் வழியாக வீட்டு மனிதருக்கும் வரக்கூடியது. ஆகவே இதை நாய்க்காக மட்டும் கேட்பதாக எடுத்துக்கொள்ளவேண்டாம்.

டைகர் தேறின பிறகு அந்த ஊசியை ஒருவழியாகக் கண்ணால் பார்த்தேன். பார்வோ வந்து பிழைத்தாலும் மற்ற நோய்களுக்காக அதைப் போடவேண்டும் என்றார் டாக்டர். லோடு ஆட்டோத் தம்பிதான் திருநெல்வேலியிலிருந்து தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் போட்டு வாங்கி வந்தார். சுண்டுவிரல் அளவுக் கண்ணாடிக் குப்பி இரண்டு. ஒன்றில் அடியில் கற்பூரத்துண்டு போல வெள்ளையாக ஒரு கட்டி. இன்னொன்றில் தண்ணீர் போல மருந்து. டாக்டர் தண்ணீரை உறிஞ்சிக் கட்டி இருந்த குப்பிக்குள் விட்டு லேசாகச் சுழற்றினார். கட்டி ஒரு நொடியில் கரைந்துவிட்டது. டைகர் கத்தக்கூட இல்லை. இவ்வளவுதானா என்று பையன் கேட்டான். நான் பதில் சொல்லவில்லை, எனக்கு அப்போது பேச வரவில்லை.

இன்னொரு கோரிக்கை. சென்னையில் என் தங்கை மகள் பூனை வளர்க்கிறாள். ராத்திரி என்ன ஆனாலும் வேப்பேரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்கிற தைரியம் அவளுக்கு இருக்கிறது. மாநகராட்சியும் செல்லப் பிராணிகளுக்கென்று மருத்துவ மையங்கள் நடத்துகிறது. சென்னை, நாமக்கல், ராமையன்பட்டி, ஒரத்தநாடு, பிறகு 2020-ல் வந்த தலைவாசல், உடுமலை, தேனி என்று ஏழு ஊர்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. மாவட்டமோ 38. கல்லூரி இல்லாத ஊர்களில் ஒவ்வொரு வட்டத் தலைநகரத்திலும் வாரம் ஒரு சாயங்காலம் நாய் பூனைக்கென்று மட்டும் ஒதுக்கினால் போதும். வியாழக்கிழமை நாலு மணிக்குப் போனால் டாக்டர் இருப்பார் என்று ஊருக்குத் தெரிந்தால் மக்கள் போவார்கள். குழந்தைகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை ஊசி என்று தெரிந்துதானே தாய்மார் போகிறார்கள். ராமையன்பட்டிக்காரர்கள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து எங்கள் டாக்டர் மிச்சத்தைப் பார்த்தாரே, அதையே ஒரு வழக்கமாக்கிவிட்டால் பாதித் தொல்லை தீரும். அவருக்குக் கூடுதலாக ஒரு கை, ஒரு உதவியாளராவது கொடுக்கவேண்டும். கரண்டு போனால் செல்போன் வெளிச்சத்தில் நரம்பு தேடுகிற மனிதரிடம் இன்னும் வேலையை மட்டும் ஏற்றிக்கொண்டே போவது நியாயமில்லை.

பஸ்ஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. கூடையில் அடக்கமாக இருக்கிற நோயுற்ற குட்டியை, டிக்கெட் வாங்கிக்கொண்டாவது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அனுமதிக்கவேண்டும். ஆட்டோவுக்கு 300 கொடுக்க வழியில்லாமல்தான் பாதிக் குட்டிகள் திண்ணையிலேயே சாகின்றன.

தனியாக மருத்துவமனை வைத்திருக்கும் டாக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பீஸ் எவ்வளவு, தடுப்பூசி எவ்வளவு, ஒரு நாள் குளுக்கோஸ் ஏற்ற ஏறக்குறைய எவ்வளவு என்று வாசலில் ஒரு பலகை வையுங்கள். எவ்வளவு ஆகுமோ என்ற பயத்திலேயே வாசல் வரை வந்து திரும்பிப் போனவர்களை எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு வந்தால் புரட்டிக்கொண்டு வருவார்கள்.

நாய்க்கு இவ்வளவு பேச்சா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். என் வீட்டில் நாய்க்கு வைத்த சோறு வீணாய்ப் போனதில்லை. போன நாய் இருந்தபோது இரண்டு தடவை கட்டுவிரியன் வாசலுக்கு வராமல் நிறுத்தியிருக்கிறது. வயசான காலத்தில் தனியாக இருக்கிற என்னைப் போன்ற பெண்கள் இந்த மாவட்டத்தில் தெருவுக்குத் தெரு இருக்கிறோம். பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். ராத்திரி கதவுக்கு வெளியே மூச்சுவிடுகிற சத்தம் ஒன்று கேட்டால்தான் எங்களுக்குத் தூக்கம் வரும்.

உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. அடுத்த முறை முகாம் செய்தி போடும்போது, எந்தத் தேதி, எந்த இடம் என்பதற்குக் கீழே இந்த வரியையும் சேர்த்துப் போடுங்கள்: "இது வெறிநோய்க்கான ஊசி மட்டுமே. குட்டிகளுக்குப் பார்வோ முதலிய நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி தனியாகப் போடவேண்டும். ஆறு வாரத்திலிருந்து போடலாம். டாக்டரிடம் கேளுங்கள்." முகாமில் அட்டை எழுதிக் கொடுக்கிற ஊழியர்களும் அட்டையை நீட்டும்போது இதை வாயால் ஒருமுறை சொல்லட்டும். எனக்கு அன்று யாராவது சொல்லியிருந்தால் நான் கம்மலை அன்றைக்கே அடகு வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
சங்கரன்கோவில் வட்டம்,
தென்காசி மாவட்டம்.